மிஷன் இம்பாசிபிள் 8: இறக்கைமேல் மூச்சு முட்டியது எதனால்?

சுழலி:
'தி ஃபைனல் ரெக்கனிங்' (2025) பேட்டிகளில் டாம் க்ரூஸ் சொன்ன ஒரு விஷயம் புரியவில்லை. பறக்கும் பைப்ளேனின் (இரண்டடுக்கு இறக்கை விமானம்) இறக்கைமேல் நடித்தபோது, மணிக்கு 120–130 மைல் வேகக் காற்றில் முகத்தை நீட்டினால் ஆக்ஸிஜன் கிடைக்காது, சில தடவை மயக்கம் வந்து காக்பிட்டுக்குத் திரும்ப முடியவில்லை என்கிறார். அந்த பைப்ளேன் எவரெஸ்ட் உயரத்திலா பறந்தது? முகத்தில் அவ்வளவு காற்று கொட்டும்போது மூச்சுக்கு ஏன் பஞ்சம்? இன்னொன்று: மெதுவாகப் பறந்து படமெடுத்துவிட்டு எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டினால் என்ன?

இறக்கைவாசி:
காற்றில் ஆக்ஸிஜன் குறையவில்லை. வெளியே விட வேண்டிய மூச்சை விட முடியாததுதான் சிக்கல். 130 மைல் என்றால் நொடிக்கு 58 மீட்டர். அந்த வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் 18 முதல் 20 செ.மீ. தண்ணீருக்குச் சமம். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு வைக்கும் சிபேப் கருவியை உச்சத்தில் வைத்தால் வரும் அழுத்தம் அது. மூச்சு தானாக உள்ளே ஏறிவிடும். வெளியே தள்ளத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சுத் தசை போராட வேண்டும். பாதி மூச்சு உள்ளேயே நிற்கும்போது அதன்மேல் இன்னொரு மூச்சு ஏறும். கார்பன் டை ஆக்சைடு தங்கிவிடும், தசையும் களைத்துவிடும்.

அதோடு உடம்பின் மீது விழும் சுமை. நேராக நிமிர்ந்தால் அரை சதுர மீட்டர் பரப்பு காற்றை வாங்கும். கிட்டத்தட்ட 90 கிலோ எடை உங்களைப் பின்னால் தள்ளுகிற மாதிரி. இறக்கையோடு ஒட்டிப் படுத்தால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இதற்கு ஆதாரம் படத்தின் இயக்குநர் மெக்குவாரி கான் திரைப்பட விழாவில் சொன்னதிலேயே இருக்கிறது. இறக்கையில் 12 நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று சொல்லியிருந்தும் க்ரூஸ் 20 நிமிடம் தாண்டி இருந்தார். கடைசியில் தலையை காக்பிட்டுக்குள் நுழைத்து மூச்சை மீட்டுக்கொண்ட பிறகே உள்ளே ஏறினார். அது திறந்த காக்பிட். அதே உயரம், அதே காற்று. மாறியது ஒன்றுதான்: முன்கண்ணாடியின் மறைவு.

நிழல்படம்:
ஸ்கைடைவிங்கிலும் இதே 190–200 கி.மீ. வேகம்தானே? புதிதாகக் குதிப்பவர்களுக்கு மட்டும்தான் மூச்சு வரவில்லை என்று தோன்றும்.

இறக்கைவாசி:
சரியான கேள்வி. அங்கே ஒரு நிமிடத்துக்குள் பாராசூட் விரிந்துவிடும், கை கால் எதையும் பிடித்துத் தொங்குவதில்லை. இங்கே பிடியை விடாமல் 12 நிமிடம். தசை கேட்கும் ஆக்ஸிஜன் பல மடங்கு.

மெதுவாகப் பறப்பது பற்றி: வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகும், உண்மைதான். ஆனால் அது போயிங் ஸ்டியர்மேன். 55 மைலுக்குப் பக்கத்தில் வந்தாலே ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். ஒரு பக்க இறக்கையில் ஆள் இருந்தால் அந்தப் பக்கம் தூக்குவிசை கெட்டு, இழுவை கூடும். விமானம் அங்கே சாயவும் திரும்பவும் பார்க்கும். விமானி எதிர்ப்பக்கம் எய்லரானும் (சாய்வைத் திருத்தும் இறக்கை மடிப்பு) ரடரும் (வால் சுக்கான்) கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 65 மைலில் அதற்குப் போதிய இடம் கிடையாது.

கால் வைக்கும் இடமும் முக்கியம். இறக்கை மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. விமான உடலையொட்டிய நடைபட்டையிலும் ஸ்பார் கட்டையிலும்தான் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு) மிதிக்கலாம். இரண்டு ரிப் (குறுக்குச் சட்டம்) நடுவே மிதித்தால் கால் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். புரொப்பல்லருக்கு நேர் பின்னால் நின்றால் அதன் சுழற்காற்று விமானத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக அடிக்கும். அந்த வட்டத்தைத் தாண்டி, இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் தூண் பக்கம் போனால் சற்றே குறையும்.

நிழல்படம்:
எடிட்டிங்கில் வேகம் கூட்டினால் கை அசைவு வெட்டி வெட்டித் தெரியும். சட்டை படபடப்பதும் கன்னச்சதை அலையடிப்பதும் நிஜக் காற்று இல்லாமல் வராது. அந்தக் காட்சியை நம்ப வைப்பதே அந்தக் கன்னம்தான்.

ஆழ்கடல்_7:
மெல்லிய காற்று நிஜமாகவே பிரச்சினையாக இருந்தது இதே வரிசையின் 'ஃபால்அவுட்' (2018) படத்தில். விமானத்திலிருந்து க்ரூஸ் குதித்தது 25,000 அடியிலிருந்து. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 37 சதவீதம்தான். முகமூடி இல்லாவிட்டால் சில நிமிடங்களில் புத்தி தடுமாறும். அதோடு, அழுத்தம் குறையும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாகாமல் இருக்க, குதிக்கும் முன் 20 நிமிடம் சுத்த ஆக்ஸிஜன் இழுத்து அதை வெளியேற்றினார்கள். நடுவில் சாதாரணக் காற்றை இழுத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண். வெளிச்சம் அந்தி நேரத்தில் மூன்றே நிமிடம், ஆகவே ஒரு நாளில் ஒரே டேக். மொத்தம் 106 குதிப்பு. வானத்தில் ஃபோகஸ் இழுக்க (லென்ஸின் தெளிவைச் சரிசெய்ய) ஆள் கிடையாது. கேமராக்காரரின் லென்ஸுக்கு மூன்றடி தூரத்தில் க்ரூஸே வந்து நிற்க வேண்டியிருந்தது.

'ஃபைனல் ரெக்கனிங்' படத்தின் நீர்மூழ்கிக் காட்சியில் மூன்றாவது வகை மூச்சுச் சிக்கல். முகம் தெரிய வேண்டும், குமிழி கூடாது என்பதற்காக விட்ட மூச்சே முகமூடிக்குள் சுற்றி வந்தது. தன் கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுப்பதால் ஒரு தடவைக்கு 10 நிமிடம்தான் வரம்பு. உடையின் எடை 125 பவுண்டு வேறு.

சுழலி:
அப்படியானால் இறக்கையில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தாலும் பயன் இருக்காதா?

இறக்கைவாசி:
மூக்கில் செருகும் மெல்லிய குழாய் போதாது, எதிரழுத்தம் அப்படியேதான் இருக்கும். முகத்தை மூடும் மாஸ்க் வேண்டும். மூடினால் நடிகரின் முகம் போய்விடும். மோவாயைத் தோளோடு சேர்த்து, அதன் மறைவில் மூச்சை விடுவதுதான் மிச்சமுள்ள வழி.