'கிரேட் செப்பரேஷன்': தரப் பிரிப்பா, மட்டப் பிரிப்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'கிரேட் செப்பரேஷன்' (grade separation) என்ற பொறியியல் சொல்லுக்குத் தமிழாக இங்கே முன்மொழியப்பட்ட 'தரப் பிரிப்பு' பொருந்தாது என்று உறுதியாகக் கருதுகிறேன். இங்கே கிரேட் என்பது தரமன்று, நிலமட்டம். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடாதபடி ஒன்றை உயர்த்தியோ தாழ்த்தியோ அமைப்பதைத்தான் பொறியாளர்கள் அப்படி அழைக்கிறார்கள்.

'மேம்பாலம்' இருக்கப் புதுச்சொல் எதற்கு என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ரீனோ நகரத்தைப் பார்க்கலாம். 1868இல் ரயில் பாதையை ஒட்டியே பிறந்த ஊர் அது. 1996இல் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனங்கள் இணைந்தபோது, நகரின் நடுவே சரக்கு ரயில்கள் பெருகும் என்ற அச்சம் எழுந்தது. நகரின் விர்ஜினியா தெருவில் ரயில்வே கேட் மூடினால், நீண்ட சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி கடக்கும்வரை பாதசாரிகள் முதல் தீயணைப்பு வண்டி வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவுக்குத் தெரு மேம்பாலம் எழுப்பினால் அவற்றின் ஏறுசரிவுகள் கடைவாசல்களை அடைத்துவிடும். ஆகவே தெருக்களை இருந்த மட்டத்திலேயே விட்டுவிட்டு, தண்டவாளத்தை ஏறத்தாழ 33 அடி ஆழத்துக்கு இறக்கினார்கள். பக்கத்தில் தற்காலிகப் பாதை போட்டு ரயில்களை ஓடவிட்டபடியே பள்ளம் தோண்டி, 2005இல் புதிய பாதையைத் திறந்தார்கள். கனத்த சரக்கு ரயில் மெல்லிய சரிவில்தான் இறங்கி ஏற முடியும் என்பதால், நகர நடுவிலுள்ள தெருக்களுக்காக வெட்டிய பள்ளம் 2 மைலுக்கு மேல் நீண்டது. இந்தப் பணியை 'மேம்பாலம்' என்று எழுதவே முடியாது. 'சுரங்கப்பாதை' என்பதும் பிழை, ஏனெனில் பெரும்பகுதி வானம் பார்த்தே கிடக்கிறது.

என் பரிந்துரை 'மட்டப் பிரிப்பு'. 'மட்டமான' என்றால் இழிந்தது என்ற பொருளும் உண்டே என நண்பர் ஒருவர் தயங்கியிருந்தார். ஆனால் ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்கும் கொத்தனாருக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை, சாலைப் பொறியியல் நூலில் நமக்கும் வராது. 'தளப் பிரிப்பு' என்று சொல்லலாமே என்றால், அது கட்டடத்தின் மாடிகளை நினைவூட்டுகிறது. மேலும், லெவல் கிராசிங்கை 'சமமட்டக் கடவை' என்றால் இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக நிற்கும். 'கடவை' இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்குவதுதான். ரயில் துறையில் கிரேட் சாய்வளவையும் குறிக்குமாதலால், அந்தப் பொருளுக்குச் 'சரிவு' என்பதைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

ரீனோவில் வெட்டியது போன்ற திறந்த பள்ளப் பாதைக்கு 'அகழ்வழி' என்ற சொல்லையும் முன்வைக்கிறேன். கட்டுமானத் துறையிலுள்ள நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.