கடலுக்குப் போகும் தம்பிக்கு அடிசன் நோய். படகில் எதைக் கொடுத்து அனுப்புவது?

சல்லி அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு முப்பத்தொரு வயது. திருகோணமலைப் பக்கத்துச் சல்லியிலிருந்து பைபர் படகில் இரவுத் தொழிலுக்குப் போகிறவன். பொழுது சாயும்போது இறங்கினால் விடிந்த பிறகுதான் கரை. அவனுக்கு அடிசன் நோய் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். சிறுநீரகங்களின் மேலே இருக்கும் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரப்பதில்லையாம். அதற்கு ஈடாக எழும்பியதும் பத்து மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன், பிறகு ஐந்து, பின்னேரம் ஐந்து. உடம்பில் உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் குளிசை வேறு.

நீண்ட காலமாகவே அவன் கறுத்துக்கொண்டு வந்தான். கடலில் நிற்கிறவன் கறுக்காமல் வெளுப்பானா என்று அம்மா சொல்லிவிடுவார். உள்ளங்கை ரேகையும் பல் முரசும் கறுத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர்தான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கருவாட்டைச் சுடாமலே கடித்துத் தின்பான். பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பான். அதற்கும் காரணம் இதுதானாம்.

இப்போது தேறிவிட்டான், மறுபடி கடலுக்குப் போக நிற்கிறான். வைத்தியர் ஒரு கடிதமும் அவசர ஊசி மருந்தும் கொடுத்து, சத்தி (வாந்தி) நிற்காவிட்டால் ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கடலில் சத்தி எடுப்பது புதினமா? எந்தச் சத்திக்கு ஊசி? யார் போடுவது? படகில் கூடப் போகும் இருவரும் ஊசி என்றாலே பயப்படுகிறவர்கள். வெக்கையில் மருந்து கெட்டுப்போகாதா? இந்த நோயோடு வாழ்கிறவர்கள் சொல்லுங்கள். தொழிலை விடச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். அதை வீட்டில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

உவர்மலை ரீச்சர்:

தங்கச்சி, எனக்கு இது 2009இல் பிடிபட்டது. அதன் பிறகும் ஓய்வு பெறும்வரை விஞ்ஞானம் படிப்பித்தேன். அதனால் தொழிலை விடச் சொல்ல மாட்டேன். தனியாகக் கடலில் இறங்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

சுகதேகியின் உடம்பு காய்ச்சலோ காயமோ வந்தால் தானாகவே கோர்ட்டிசோலைக் கூட்டிச் சுரக்கும். தம்பியின் உடம்புக்கு அது முடியாது, குளிசையால்தான் கூட்ட வேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் இரண்டு மடங்கு, 39ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்ட பிறகு பழைய அளவு என்பது பொதுவான முறை. அவனுக்கு உரிய அளவைக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள். சில நாட்கள் கூட்டி எடுப்பதால் கெடுதல் இல்லை. எடுக்காமல் இருந்தால்தான் உயிருக்கு ஆபத்து. ஸ்டீரொயிட்டா, கூட எடுக்காதே, எலும்பு உக்கிவிடும் என்று புத்தி சொல்ல நாலு பேர் வருவார்கள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி சத்திக்கு வருவோம். வயிற்றில் தங்காத குளிசை எடுக்காத குளிசைதான். எடுத்து அரை மணித்தியாலத்துக்குள் சத்தி வந்தால் உடனே இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதுவும் வெளியே வந்தால் ஊசி. கடல் மயக்கமா, நோயா என்று படகில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது. தேவையில்லாமல் ஒரு ஊசி போட்டுவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஊசி போட்டதும் படகைத் திருப்புங்கள், வலையில் எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் சரி. கொஞ்ச நேரத்தில் அவன் எழும்பி உட்காருவான். ஆள் தெளிந்துவிட்டான், வலையை இழுத்து முடித்துவிட்டுப் போவோம் என்று யாராவது சொல்வார்கள். கேட்கக் கூடாது. அந்த ஊசி சில மணித்தியாலம்தான் தாங்கும், கரையில் சேலைன் ஏற்ற வேண்டும்.

யார் போடுவது என்று கேட்டீர்கள். தம்பியை நம்ப வேண்டாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும்போது ஆள் குழம்பிவிடுவான், கோபிப்பான், எனக்கு ஒன்றுமில்லை, படுக்க விடுங்கள் என்பான். நான் ஒருமுறை என் கணவரையே நீங்கள் யார் என்று கேட்டேனாம். கடலில் ஒரு இளைஞன் அப்படிக் கிடந்தால் குடித்துவிட்டான் என்று சாக்கைப் போர்த்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

ஆகவே அந்த இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழக்குங்கள். தோடம்பழம் வாங்கித் தண்ணீரை ஏற்றிப் பழகட்டும். திகதி முடிந்த குப்பியை எறியாதீர்கள், கலந்து பழக அது உதவும். குப்பிக்குள் ஹைட்ரோகோர்ட்டிசோன் தூள் இருக்கும். ஊசிக்கான நீரை விட்டு, உருட்டிக் கரைத்து, 100 மில்லிகிராம் முழுவதையும் தொடையின் வெளிப்பக்கம் நடுவில் நேராக ஏற்ற வேண்டும். அவசரத்தில் சாரத்துக்கு மேலாலும் போடலாம். சுறாவின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றுகிறவர்களுக்கு இது பெரிய வித்தையா?

மருந்துப் பெட்டியில் 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் வீட்டு அலுமாரியிலேயே அந்தக் குளிர் கிடையாது. வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்றில் பஞ்சு சுற்றி வையுங்கள். இயந்திரத்தின் பக்கம் வேண்டாம், மீனுக்கான ஐசுக்குள்ளும் வேண்டாம். படகில் போகும் குப்பியைத் திகதிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வீட்டில் இன்னொரு குப்பியும் ஒரு மாதக் குளிசையும் எப்போதும் மேலதிகமாக இருக்கட்டும். 2022இல் பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே அலைந்தது உங்களுக்கும் தெரியும்.

அவன் பகலில் தூங்குகிறவன் என்பதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? முதல் குளிசை சூரியன் உதிக்கும் நேரத்துக்கு உரியது அல்ல, அவன் எழும்பும் நேரத்துக்கு உரியது. மறுபடி கருவாட்டைக் கடிக்கத் தொடங்கினாலும் சொல்லுங்கள். வெயில் காலத்தில் வியர்வையோடு உப்புப் போவதால் ஃப்ளூட்ரோகோர்ட்டிசோனைக் கூட்ட வேண்டி வரலாம். அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும்.

கிண்ணியா மகன்:

அக்கா, என் உம்மாவுக்கும் கோர்ட்டிசோல் இல்லை, காரணம் வேறு. கடைசித் தம்பி பிறந்தபோது கடுமையான இரத்தப்போக்கு. தலைக்குள் இருக்கும் கபச் சுரப்பி அதில் பழுதாகிவிட்டது. ஷீஹான் நோய் என்கிறார்கள். பால் சுரக்கவில்லை, மாதவிடாயும் திரும்ப வரவில்லை. இரத்தம் குறைவு, உடம்பு பலவீனம் என்று சொல்லியே பல வருடங்கள் போய்விட்டன. உங்கள் தம்பி கறுத்தார், உம்மா வெளிறினார். ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் அவருக்குத் தேவைப்படவில்லை, ஆனால் காய்ச்சல், சத்தி, ஊசி எல்லாம் ரீச்சர் சொன்னபடிதான்.

எங்கள் வீட்டில் சண்டை நோன்புக்குத்தான். வைத்தியர் வேண்டாம் என்றார், உம்மா பிடிக்கத்தான் வேண்டும் என்றார். கடைசியில் மௌலவி வந்து, நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, விடும் நோன்புக்கு ஏழைக்கு உணவு கொடுங்கள் என்று சொன்ன பிறகே அடங்கினார். உங்கள் வீட்டில் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் தம்பியையும் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உம்மாவின் கையில் துருப்பிடிக்காத எஃகுக் காப்பு ஒன்று போட்டிருக்கிறோம். நோயின் பெயரும் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்பதும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பொறித்தது. வெள்ளி உப்புத் தண்ணீரில் கறுத்துப்போகும்.

இரவுப் பணித் தாதி:

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். வாசலில் நின்று சத்தியும் வயிற்றுவலியும் என்று சொன்னால், வயிற்றோட்டத்தோடு வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருத்திவிடுவோம். முதல் வார்த்தையாக அடிசன் நோயாளி, ஹைட்ரோகோர்ட்டிசோன் உடனே ஏற்ற வேண்டும் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இந்த மருந்து காத்திருக்கக் கூடாது. கடிதத்தின் படம் படகில் போகும் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கட்டும். கரை தெரிந்து சிக்னல் கிடைத்ததும் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இறங்குதுறைக்கே வரும், காசு இல்லை.

மாரி காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். டெங்கு உறுதியானால் இரத்தம் கசியும் என்பதால் தசையில் ஊசி போடுவதைத் தவிர்த்து நாளத்தில் ஏற்றுவோம். ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கு வீட்டில் நின்று இந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம், ஊசியைப் போட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். கை கால் முறிந்தாலும், பெரிய வெட்டுக் காயம் என்றாலும் அதே ஊசிதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஆஸ்துமா இழுப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக் கணக்கில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடிப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் இதே நிலைமைதான் வரும். வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சல்லி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கூடப் போகிறவர்கள் பழக வருகிறார்களாம். காப்பு மட்டும் வேண்டாம் என்கிறான், வலையில் கொழுவுமாம். இன்னொன்றும் கேட்டான். அவனுக்காகப் படகைத் திருப்பினால் அன்றைய பங்கு மற்ற இருவருக்கும் இல்லாமல் போகுமே, அதற்கு என்ன செய்வது என்று.

உவர்மலை ரீச்சர்:

கேட்க வேண்டிய கேள்விதான் கேட்டிருக்கிறான். இதைக் கடலில் வைத்துப் பேச முடியாது. இறங்குவதற்கு முன்பே படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் போய், பாதியில் திரும்பும் இரவுக்கு எண்ணெய்ச் செலவு யாருடையது, மற்ற இருவருக்கும் என்ன கொடுப்பது என்று பேசி முடியுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு படகு பாருங்கள். காப்பு வேண்டாம் என்றால் கழுத்தோடு ஒட்டிய கறுப்புக் கயிற்றில் தகடாகக் கோத்துப் போடட்டும்.