கடலோர ஆலையில் 11 கே.வி. கேபிளுக்கு எந்த ட்ரே பொருத்தமானது?

கேள்வி – ஆலை மின்பராமரிப்பு, தூத்துக்குடி

வணக்கம். எங்கள் ஆலையில் 11 கே.வி. (11,000 வோல்ட்) ஹெச்.டி. (உயர் அழுத்த) பேனலிலிருந்து புதிய டிரான்ஸ்பார்மர்கள் வரை, திறந்தவெளியில் பைப் ரேக்கை (குழாய்களைத் தாங்கும் சட்டகத்தை) ஒட்டி, சுமார் 140 மீட்டருக்கு நான்கு கேபிள்களை ட்ரேயில் (கேபிள்களைத் தாங்கும் உலோகத் தட்டில்) கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. நான்கும் 3 கோர் (உள்ளே மூன்று கடத்திகள்), 300 சதுர மி.மீ., ஆர்மர் (உலோகக் கவசம்) செய்யப்பட்ட, எக்ஸ்.எல்.பி.இ. எனும் பிளாஸ்டிக் காப்புள்ள அலுமினியக் கேபிள்கள், தயாரிப்பாளரின் அட்டவணைப்படி வெளிவிட்டம் 78 மி.மீ., எடை மீட்டருக்கு 9 கிலோ. இவற்றோடு ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து 30 மீட்டருக்கு 630 சதுர மி.மீ. சிங்கிள் கோர் (ஒற்றைக் கடத்தி) கேபிள்கள் மூன்றும் வருகின்றன. ஒப்பந்தக்காரர் 450 மி.மீ. அகலமுள்ள பெர்ஃபரேட்டட் (துளையிட்ட) ட்ரேயை, முன்பே கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) தகட்டில் தருவதாகக் கூறுகிறார். விலை குறைவுதான், ஆனால் ஆலைக்கு அடுத்ததே உப்பளம் என்பதால் ஒப்புதல் தரத் தயங்குகிறேன்.

பதில் 1 – திட்ட வடிவமைப்பாளர்

உங்கள் தயக்கம் நியாயமானதே. முன்பே கால்வனைஸ் செய்த தகட்டில், சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சுள்ள தரத்திலும், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் துத்தநாகமே இருக்கும். அதன் பிறகு துளையிடுவதால் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் வெறும் இரும்பு வெளியே தெரியும். ஐ.எஸ்.ஓ. 9223 எனும் சர்வதேசத் தரம் சி5 (மிக அதிக அரிப்பு) என வகைப்படுத்தும் கடலோரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரைகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், ஐந்தாவது ஆண்டைத் தாண்டுவதே கடினம். முழுவதும் வடிவமைத்த பிறகு ஹாட் டிப் முறையில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ட்ரேயில், 1.5 முதல் 3 மி.மீ. தகட்டுக்குச் சராசரி 55 மைக்ரானும் 3 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டுக்கு 70 மைக்ரானும் கிடைக்கும் என்பதால், பக்கச் சட்டத்தைச் சற்றுத் தடிமனாகக் கேட்பது இரு வகையில் லாபம்.

எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) ட்ரேயையும் பரிசீலிக்கலாம், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தனி எர்த் கடத்தி முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்பதை மட்டும் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, இவ்வளவு கனமான கேபிளுக்கு லேடர் (ஏணி போன்ற) வகையே தகும். கீழிருந்து காற்று ஏறும், கிளீட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) பூட்டவும் படிகள் கிடைக்கும். நான்கு கேபிள்களுக்கும் இடையே ஒரு விட்டம் இடைவெளி விட்டால் 546 மி.மீ. தேவை, ஆகவே 600 மி.மீ. அகலம் கேளுங்கள். ஒட்டி அடுக்கினால் 450 போதும், ஆனால் கேபிளின் மின்னோட்டத் திறனைக் குறைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும். சிங்கிள் கோர் மூன்றையும் இதில் நுழைக்காமல் தனி அடுக்கில் வையுங்கள்.

பதில் 2 – ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர்

மேலே நண்பர் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் தளத்தில் நான் பட்ட பாடு அகலத்தாலோ துருவாலோ அல்ல, வளைவுகளால். ஒரு வேலையில் ட்ரேயோடு சேர்த்து 600 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளையே வாங்கிவிட்டார்கள். கேபிளை இழுத்தபின் அது வளைவின் உட்சட்டத்தின் மேல் ஏறி நின்றுகொண்டது; எத்தனை பேர் அழுத்தியும் படியில் உட்காரவில்லை. கடைசியில் ஏழு வளைவுகளையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்தோம். மூன்று கோர் 11 கே.வி. கேபிளுக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் விட்டத்தைப்போல் 15 மடங்கு. உங்களுக்கு அது 1,170 மி.மீ. எனவே 1,200 மி.மீ. ஆரமுள்ள வளைவை இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஏனெனில் அது பெரும்பாலும் கடைச்சரக்காக இருக்காது.

சிங்கிள் கோர் கேபிளில் இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு கேபிளையும் தனித்தனியாக இரும்பு வளையத்தில் பூட்டினால் சுழல் மின்னோட்டத்தால் அந்த வளையம் சூடேறும். மூன்று ஃபேஸ்களையும் டிரெஃபாயிலாக (முக்கோணமாக ஒட்டி) சேர்த்து ஒரே கிளீட்டில் பிடிக்க வேண்டும். அந்தக் கிளீட்டும் ஷார்ட் சர்க்யூட் விசைக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பேனலின் ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறன் 25 கே.ஏ. (25,000 ஆம்பியர்) எனக் கொண்டால் உச்ச மின்னோட்டம் 62.5 கே.ஏ.; கேபிள் கிளீட்டுகளுக்கான ஐ.இ.சி. 61914 தரம் தரும் சூத்திரப்படி, 48 மி.மீ. விட்டமுள்ள கேபிள்களுக்கிடையே மீட்டருக்கு ஏறத்தாழ 13,800 நியூட்டன், அதாவது 1.4 டன் எடைக்குச் சமமான உதைப்பு வரும். நைலான் டையால் கட்டிவிட்டுப் போகிறவர்களை நான் தளத்தைவிட்டே அனுப்பியிருக்கிறேன்.

பதில் 3 – திட்ட வடிவமைப்பாளர்

நிறுவும்போது கவனிக்க இன்னும் சில. வெயிலில் எஃகு 40 டிகிரி ஏறினால் 140 மீட்டர் ட்ரே 67 மி.மீ. நீளும்; ஆகவே விரிவு இணைப்புகள் வேண்டும், அவை ஒவ்வொன்றின் மீதும் வளையக்கூடிய செம்பு எர்த் இணைப்பும் வேண்டும். ட்ரே இணைப்புத் தகடு தாங்கிகளுக்கு நடுவில் விழாமல், கால் பங்குத் தொலைவில் விழுவது நல்லது. தளத்தில் வெட்டிய முனைகளில் அன்றைக்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் யாரும் அடிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. இன்று பைப் ரேக்கில் ஏறி அளந்தேன். தூண்கள் 6 மீட்டருக்கு ஒன்றாக இருப்பதால் நடுவில் பிராக்கெட் சேர்த்து 3 மீட்டராகக் குறைக்கிறோம். அப்போது ஒரு இடைவெளியில் கேபிள் எடை 108 கிலோ. வடகிழக்கு மூலையில் உட்புறமாகத் திருப்பினால் 900 மி.மீ. இடம்தான் உள்ளது, தூணுக்கு வெளிப்புறமாகக் கொண்டுசென்றால் 1,300 கிடைக்கிறது. பழைய வரைபடத்தில் பாதை உட்புறமாகவே இருந்தது. அதை மாற்றி ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.