பூஞ்சைக்கோலா, மெழுகுயிரியா? மைக்கோபாக்டீரியத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

> காசநோய்க் கிருமியின் உறவில் புதுச் சிற்றினம் ஒன்றை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று கட்டுரை எழுதுகிறேன். மைக்கோபாக்டீரியத்துக்குப் 'பூஞ்சைக்கோல்', காசநோய் தராத மற்றவற்றுக்குக் 'காசநோய்சாராப் பூஞ்சைக்கோல்' என்று போடலாமா?

அண்ணாச்சி, வணக்கம்.

பூஞ்சை மட்டும் வேண்டாம். கிரேக்கத்தில் 'மைக்கோ' என்றால் பூஞ்சை, 'பாக்டீரியம்' என்றால் சிறு கோல் என்பது சரிதான். ஆனால் 1896-இல் லேமன், நாய்மன் என்ற ஜெர்மன் அறிஞர்கள் அந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம், திரவ ஊடகத்தின் மேல் அது பூஞ்சணம் பிடித்த மாதிரி ஏடாகப் படர்ந்ததுதான். மற்றபடி பூஞ்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2021-இல் கரும்பூஞ்சை படுத்திய பாட்டுக்கு அப்புறம், 'பூஞ்சைக்கோல்' என்று எழுதிய ரிப்போர்ட்டை ஒருவர் கையில் கொடுத்தால் அவர் முதலில் கண்ணையும் மூக்கையும்தான் தடவிப் பார்ப்பார்.

இந்தப் பேரினத்தின் அடையாளமே அதன் உறைதான். மைக்கோலிக் அமிலம் என்கிற நீண்ட கொழுப்பமிலம் செல்சுவரில் மெழுகாக அப்பிக் கிடக்கிறது. ஆய்வகத்தில் சளியை ஸ்லைடில் தடவி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி கிளம்பும் அளவுக்கு மட்டும் அடியில் தீயைக் காட்டுவோம். கொதிக்க விடக் கூடாது. கழுவிவிட்டு 25 விழுக்காடு கந்தக அமிலம். மற்ற கிருமிகளெல்லாம் வெளுத்துவிடும், இது மட்டும் சிவப்பை விடாது. கடைசியில் மெத்திலீன் நீலம். நுண்ணோக்கியில் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும்.

அங்கேதான் சிக்கலும். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 200 சிற்றினங்கள் இருக்கின்றன. சாயத்தில் எல்லாமே சிவப்புக் குச்சிதான். எது காசநோய்க் கிருமி, எது மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிற அதன் சொந்தம் என்று ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல முடியாது. லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தில் வளர்த்தால் கொஞ்சம் பிடிபடும். முட்டையும் மாலகைட் பச்சைச் சாயமும் சேர்த்து, குழாயில் சாய்வாக உறையவைத்த ஊடகம் அது. காசநோய்க் கிருமி அதில் வாரக்கணக்கில் நேரம் எடுத்து, உதிர்த்த புட்டு மாதிரி சொரசொரப்பாக வரும். சில சொந்தங்கள் ஏழு நாளுக்குள் வளர்ந்துவிடும். சில மஞ்சள் நிறம் காட்டும், அதிலும் சில வெளிச்சம் பட்டால்தான் காட்டும். 1959-இல் ரன்யன் என்ற ஆய்வாளர் இந்த நிறத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் நாலு கூட்டமாகப் பிரித்தார்.

புதுச் சிற்றினம் என்று சொல்ல இப்போது இதெல்லாம் போதாது. ஸ்லைடில் சிவப்புக் குச்சி இருக்கிறது, ஆனால் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை 'இல்லை' என்கிறது என்றால் சந்தேகம் தொடங்கும். பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் என்ற மரபணுவின் வரிசையை ஒப்பிடுவார்கள். பிறகு முழு மரபணுத்தொகை. தெரிந்த சிற்றினம் எதனோடும் சராசரி ஒற்றுமை 95–96 விழுக்காட்டைத் தொடவில்லை என்றால்தான் தனிச் சிற்றினம். அந்தச் சிற்றினத்துக்கு அடையாளமாக நிற்கும் வகைமாதிரிக் கிருமியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேகரிப்பகங்களில் ஒப்படைத்த பிறகுதான் பெயர் செல்லும். நம் நாட்டில் சண்டிகரில் அப்படி ஒன்று இருக்கிறது. பெயரை லத்தீன் அச்சில்தான் வைக்க வேண்டும். நாளைக்கே நம் ஆற்றுமணலில் ஒன்று அகப்பட்டால் 'தாமிரபரணியென்சிஸ்' என்று வைப்பார்கள், நாம் அதை அப்படியே தமிழில் எழுதிக்கொள்வோம். சிற்றினப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். பேரினத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் பொதுச்சொல் போதும்.

பேரினத்துக்கு என் முன்மொழிவு மெழுகுயிரி. 'நுண்ணுயிரி'யின் சாயல் இருப்பதால் காதுக்குப் புதிதாகத் தோன்றாது. 'மெழுகுக்கோல்' என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது கிரேயான்.

'காசநோய்சாரா'வை நான் ஏற்கவே மாட்டேன். ஒன்று, தொழுநோய்க் கிருமியும் இதே பேரினம். சொல்லை அப்படியே எடுத்தால் அதுவும் உள்ளே வந்துவிடும், ஆனால் மருத்துவர்கள் அதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. இன்னொன்று இதைவிடப் பெரியது. நம் பக்கம் 'காசம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். பின்னால் ஒட்டின 'சாரா'வை யார் கவனிக்கப் போகிறார்கள்? இந்தச் சொந்தங்களோ பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து வருபவை. நுரையீரலைக் கெடுக்கக்கூடியவைதான், வழக்கமான காசநோய் மாத்திரைகள் இவற்றில் பலவற்றிடம் எடுபடாது என்பதால் சரியாகப் பிரித்துச் சொல்வதும் அவசியம். ஆகவே இவை வாழும் இடத்தை வைத்துச் சூழல் மெழுகுயிரி எனலாம். 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் தடுப்பூசி எதிர்பார்த்த பலன் தராததற்கு இவற்றோடு மக்களுக்கு இருந்த பழக்கமும் ஒரு காரணம் என்ற கருத்து உண்டு. அங்கேயும் பேச்சு சூழலைப் பற்றித்தான்.

காசநோய் தரும் நெருங்கிய கூட்டத்துக்குக் காச மெழுகுயிரித் தொகுதி.

பாளையங்கோட்டையிலிருந்து
தம்பி

> தம்பி, நொகார்டியா, கோரினிபாக்டீரியம் என்ற வேறு பாக்டீரியப் பேரினங்களுக்கும்கூட மைக்கோலிக் அமிலம் உண்டே? அவையும் மெழுகுயிரி ஆகிவிடாதா? அப்புறம், 'தாயாதி மெழுகுயிரி' என்றால் உறவும் விளங்குமே?

உண்டு, அண்ணாச்சி. ஆனால் அவற்றில் சங்கிலி குட்டை. கோரினியில் 22 முதல் 36 கார்பன், நொகார்டியாவில் 60 வரை. நம்முடையதில் 60 முதல் 90. மெழுகு மிகுந்தவனுக்கு மெழுகுப் பெயர், அவ்வளவுதான்.

தாயாதி அழகான சொல். ஆனால் நம் ஊரில் அதைக் கேட்டதும் வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும்தான் நினைவுக்கு வரும். கட்டுரைத் தலைப்பில் தாராளமாகப் போடுங்கள். கலைச்சொல் பட்டியலில் 'சூழல்' இருக்கட்டும்.