புதுப்பிப்பு: பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தை – ஒரு திருத்தம்

பட்டன் பேட்டரியை (காசு போன்ற சிறு வட்ட பேட்டரி) விழுங்கிய குழந்தைக்கு வாய்வழி எதுவுமே தரக்கூடாது என்று முன்பு எழுதியிருந்தோம். திருத்தம்: தேன் தரலாம். ஒரு வயது நிறைந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தையால் விழுங்க முடிந்தால், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி.; அதிகபட்சம் 6 தடவை. தேன் வாங்கக் கடை தேடி நிற்காதீர்கள். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அங்குள்ள திசு வெந்துவிடும். பேட்டரி கசிய வேண்டியதில்லை. மின்னோட்டமே பேட்டரியின் எதிர்மின் (−) முனைப் பக்கம் காரத்தை உண்டாக்கித் திசுவை அரிக்கும். ரிமோட்டில் ‘செத்த’ பேட்டரிக்கும் அந்தத் தெம்பு உண்டு.

எக்ஸ்ரேயில் நாணயம் என்றார்களா? விளிம்பில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று கேளுங்கள்; தெரிந்தால் அது நாணயமல்ல, பேட்டரியாக இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே கேமரா குழாய் செலுத்தி) பேட்டரியை எடுத்த பிறகும் சில வாரங்கள் ரத்த வாந்தி, கறுப்பு மலம் கண்டால் உடனே அவசரப் பிரிவுக்கு.