58 கே/1 டோபோ ஷீட் சென்டினல் படத்தோடு ஒட்டவே மாட்டேங்குது: உதவி தேவை

கண்மாய்த்தேடி:

வணக்கம். மதுரையைச் சுத்தியிருக்கிற கண்மாய்கள் இன்னைக்கு எந்த நிலையில இருக்குன்னு வரைபடமாக்க ஒரு சின்னக் குழுவா வேலை பார்க்கிறோம். அடிப்படையா எடுத்தது 1:50,000 அளவுள்ள பழைய டோபோ ஷீட் (இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட நிலவரைபடத் தாள்), எண் 58 கே/1. எழுபதுகள்ல அளவெடுத்த பதிப்பு.

ஸ்கேன் பண்ணி, கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல ஜியோரெஃபரன்ஸ் செஞ்சேன், அதாவது தாளை பூமியில அதோட இடத்துல பொருத்தினேன். நாலு மூலையிலயும் அச்சாகியிருக்கிற அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, டபிள்யூஜிஎஸ் 84ன்னு (ஜிபிஎஸ் பயன்படுத்துற ஆயமுறை) வச்சேன். பிழை ஒரு பிக்சலுக்கும் கம்மி. ஆனா சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைக் கீழே போட்டுப் பார்த்தா, ஷீட்ல உள்ளது எல்லாமே தென்கிழக்கே தள்ளி நிக்குது. ரயில் பாதை, வண்டியூர் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம் மலை எல்லாம் ஒரே திசையில, இருநூறு மீட்டருக்கு மேல. ஷீட் தப்பா, படம் தப்பா? ஷீட்டை அப்படியே இழுத்து வச்சுட்டா போதுமா?

இன்னொண்ணு. கண்மாய் எல்லையை என்டிடபிள்யூஐ (செயற்கைக்கோள் படத்துல தண்ணியைப் பிரிச்சுக் காட்டுற குறியீடு) போட்டு எடுக்கலாம்னு பார்த்தா மாசத்துக்கு ஒரு அளவு வருது. எதை எல்லைன்னு வரையறது?

சங்கிலிக்காரர்:

தம்பி, ரெண்டும் தப்பில்ல. நீங்க வச்ச டேட்டம்தான், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எதை ஆதாரமா வச்சு அளக்கிறோம்ங்கிறதுதான் பொருந்தல.

அந்தக் காலத்து ஷீட்டுல இருக்கிற எண்கள் எவரெஸ்ட் நீள்வட்டகத்தை (பூமியோட வடிவத்துக்கு எடுத்துக்கிட்ட கணித உருவம்) வச்சு, மத்தியப் பிரதேசத்துல இருக்கிற கலியாண்பூரை ஆதாரப் புள்ளியா எடுத்துக் கணக்கிட்டவை. இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஒட்டி வரணும்னு செஞ்ச ஏற்பாடு அது. அதோட மையம் பூமியின் மையத்துல இல்ல, சில நூறு மீட்டர் விலகியிருக்கு. டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் மையத்தையே மையமா வச்சது. அதனால ஒரே தெப்பக்குளத்துக்கு ரெண்டு ஜோடி எண். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக வழக்கமா எடுக்கிற நகர்வு, எக்ஸ், ஒய், இசட் மூணு அச்சுலயும், 295, 736, 257 மீட்டர். இதை மதுரைக்குக் கணக்குப் போட்டா, பழைய எண்ணை டபிள்யூஜிஎஸ்னு சொல்லி வச்ச ஷீட் தெற்கே சுமார் 180 மீட்டர், கிழக்கே 130-140 மீட்டர் தள்ளி விழும். உங்களுக்கு வந்ததும் அதேதான். தாள்ல பார்த்தா நாலரை மில்லிமீட்டர்.

பிழை கம்மியா காட்டுறதை நம்பாதீங்க. நீங்க கொடுத்த எண்களோட தாள் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிறதைத்தான் அது சொல்லுது. அந்த எண் எந்த டேட்டத்துலன்னு அதுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: ஜியோரெஃபரன்ஸ் பண்ணும்போது ஆயமுறைக்கு இபிஎஸ்ஜி எண் 4146, அதாவது கலியாண்பூர் 1975, அதைக் கொடுங்க. மூலை நாலு மட்டும் போதாது. ஷீட்டுல 5 நிமிடத்துக்கு ஒரு கோடு இருக்கும், அந்தச் சந்திப்புகள் 16ஐயும் குத்துங்க, தாள் சுருங்கினதும் ஸ்கேன்ல வளைஞ்சதும் ஓரளவு சரியாகும். அப்புறம் இபிஎஸ்ஜி 32644க்கு (டபிள்யூஜிஎஸ் 84ல யூடிஎம் 44வது மண்டலம், மீட்டர்ல அளக்கிறது) மாத்துங்க. எந்த உருமாற்றம் வேணும்னு மென்பொருள் கேட்டா மேலே சொன்ன மூணு எண் உள்ளதை எடுங்க. ‘பால்பார்க்’னு (உத்தேசம்னு அர்த்தம்) போட்டிருந்தா அதைத் தொடவே தொடாதீங்க, அதுல நகர்வே இருக்காது.

ராஸ்டர்ராஜா:

இவ்வளவு சுத்த வேணாம் ப்ரோ. படத்தைப் பார்த்து முப்பது நாப்பது புள்ளி குத்தி, தின் பிளேட் ஸ்ப்ளைன்ங்கிற வளைச்சுப் பொருத்துற முறையைப் போட்டுருங்க. பிழை சுத்தமா பூஜ்யம். நான் எப்பவும் இப்படித்தான்.

தொலையுணர்வு_அக்கா:

ராஜா, அந்த முறையில எப்பவுமே பூஜ்யம்தான் வரும். குத்தின புள்ளி ஒவ்வொண்ணையும் தாண்டிப் போற மாதிரி தாளை வளைக்கிறதுதான் அதோட வேலை. புள்ளியே தப்பா இருந்தாலும் பூஜ்யம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. இவங்க தேடுறது மாற்றத்தை. வைகைக் கரையிலயும் கண்மாய்க் கரை வளைவுலயும் புள்ளி குத்தி இன்னைய படத்தோட ஒட்டவச்சா, ஐம்பது வருஷத்துல கரை நகர்ந்திருந்தா அந்த நகர்வு தாளோட வளைவுக்குள்ள மறைஞ்சுபோயிரும். அப்புறம் ஆக்கிரமிப்பே இல்லைன்னு வரைபடம் சொல்லும்! படத்தைச் சரிபார்க்க மட்டும் வச்சுக்கோங்க. அதுக்கும் நகராத பொருளா பாருங்க. தெப்பக்குளத்து நாலு மூலை, நடு மண்டபம், கோயில் வெளிவீதி முனை. மதுரைக்காரங்களுக்கு இதுக்குப் பஞ்சமே இல்ல.

கண்மாய் விஷயம்: தண்ணியை வரையாதீங்க, கரையை வரைங்க. என்டிடபிள்யூஐ பச்சை ஒளிப்பட்டையையும் அகச்சிவப்பையும் வச்சுத் தண்ணியைத்தான் பிடிக்கும், கண்மாயை இல்ல. வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச டிசம்பர்ல ஒரு அளவு, மே மாசம் வெறும் பொட்டல். ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தா தண்ணி இருந்தும் செடின்னு காட்டும். உள்வாய்ல (கண்மாயோட உட்பக்கம்) சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தாலும் அதே கதைதான். நல்ல மழை வருஷங்களோட டிசம்பர், ஜனவரி படங்களை அடுக்கி, ஒரு தடவையாவது தண்ணி நின்ன இடத்தையெல்லாம் சேர்த்து எடுத்தா நீர்ப்பிடிப்புப் பக்கம் ஓரளவு கிடைக்கும். கரைப் பக்கம் கண்ணால பார்த்துக் கையாலதான் வரையணும்.

அதுக்கும் 10 மீட்டர் பிக்சல் போதாது, கரையே அவ்வளவு அகலம் இருக்காது. கரைமேல இருக்கிற பனை வரிசையும் நிழலும்தான் கோடா தெரியும். கார்ட்டோசாட்-1 மாதிரி 2.5 மீட்டர் படம் கிடைச்சா வேலை சுளுவு. மடை (பாசனத்துக்குத் தண்ணி திறக்கிற வழி), கலுங்கு (மிச்சத் தண்ணி வழியிற இடம்) எதுவும் எந்தப் படத்துலயும் நம்பிக்கையாத் தெரியாது, நடந்து போய் ஜிபிஎஸ்ல எடுத்துட்டு வாங்க. ஊர்ப்பேரும் அப்படித்தான்.

சங்கிலிக்காரர்:

அக்கா சொல்றது சரி. நானும் ஒண்ணு சேர்க்கிறேன். 1:50,000ல அரை மில்லிமீட்டர்னா தரையில 25 மீட்டர். அந்தக் கணக்குல சுற்றுச்சாலை, நாலுவழிச்சாலை, மாட்டுத்தாவணி பேருந்து நிலையம், 2004ல வந்த உயர் நீதிமன்றக் கிளை, ஊர் விரிஞ்ச எல்லை, இதையெல்லாம் சென்டினலை வச்சே தாராளமா புதுப்பிக்கலாம். ஒற்றையடிப் பாதையும் கிணறும் முடியாது. பழைய ஷீட்டுல இருக்குன்னு அப்படியே நகல் எடுக்கவும் வேணாம், ‘சரிபார்க்கல’ன்னு தனி லேயர்ல போடுங்க.

சமவுயரக் கோடுகள்ல கை வைக்காதீங்க. இலவச டிஇஎம்லேர்ந்து (செயற்கைக்கோள் வழி எடுத்த தரை உயரத் தரவு) புதுசா உருவுறது சிலருக்கு வழக்கமாயிருச்சு. சமதரையில அதுல மரமும் கட்டடமும் சேர்ந்தே உயரமா வரும். யானைமலை இன்னும் அங்கேயேதான் இருக்கு, 20 மீட்டர் இடைவெளியில அளந்து வரைஞ்ச கோடு அதைவிட மேல். ஜிபிஎஸ் உயரத்தை ஷீட் உயரத்தோட நேரா ஒப்பிடவும் கூடாது. ஜிபிஎஸ் நீள்வட்டகத்துலேர்ந்து அளக்கும், ஷீட் கடல்மட்டத்துலேர்ந்து. நம்ம பக்கம் ரெண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல வித்தியாசம்.

கண்மாய்த்தேடி:

ரொம்ப நன்றி சார், அக்கா. 4146 வச்சு 16 புள்ளியும் குத்தினேன். தெப்பக்குளம் இப்போ ரெண்டு பிக்சலுக்குள்ள உக்காந்துருச்சு. மத்த இடங்கள்ல 15-20 மீட்டர் மிச்சம் இருக்கு, அதை விட்டுரலாமா? அப்புறம், திருமங்கலம் பக்கம் உள்ள கண்மாய்களுக்கு அடுத்த ஷீட் 58 ஜி/13 வேணும். அங்க சென்டினல் படம் யூடிஎம் 43வது மண்டலம்னு வருது. ரெண்டையும் எப்படிச் சேர்க்கிறது?

சங்கிலிக்காரர்:

விட்டுரலாம். அந்த மூணு எண்ணுலயே பத்துப் பதினஞ்சு மீட்டர் தடுமாற்றம் உண்டு, அச்சுக்கோட்டோட தடிமன் வேற தரையில பத்து மீட்டர் வரும்.

மண்டல எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, உங்க ரெண்டு ஷீட்டும் முட்டுற கோடே அதுதான். ரெண்டையும் 44லயே வச்சுக்கோங்க. திருமங்கலம் பக்கம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவு நீளும், இந்த ஸ்கேல்ல கண்ணுக்கே தெரியாது. பரப்பளவு சொல்லும்போது மட்டும் தட்டையாப் பெருக்காம எலிப்சாய்டு (நீள்வட்டக) கணக்குல எடுங்க. 43வது மண்டலப் படத்தை 44க்கு மாத்தும்போது, என்டிடபிள்யூஐ குறியீட்டுக் கணக்குக்கு உள்ள பட்டைகளுக்கு நியரஸ்ட் நெய்பர் (பக்கத்துப் பிக்சலோட மதிப்பை மாத்தாம அப்படியே எடுக்கிற முறை) போடுங்க.

தொலையுணர்வு_அக்கா:

குறியீட்டை முதல்ல அந்தந்த மண்டலத்துலயே கணக்குப் போட்டுட்டு, கடைசியா மாத்துங்க. அது இன்னும் சுத்தம்.