தண்டையார்பேட்டை வீட்டு குரூப்: வெச்சுக்கலாமா, வித்துடலாமா

16 நவம்பர் 2025, ஞாயிறு

[காலை 9:12] சாந்தி அத்தை: ஒரு கணக்கு கேக்கணும். டீமேட்ல, அதான் பங்கு வெச்சிருக்கற கணக்குல, இருக்கறது இவ்ளோதான். மணலி ரிஃபைனரி சிபிசிஎல் 500. ஐடிசி 600. கோல் இந்தியா 300. அசோக் லேலண்ட் 800, அதுல 400 கம்பெனி இலவசமா குடுத்த போனஸ் பங்கு. எம்ஆர்எஃப் 2. பென்ஷன் போக மாசம் நாலாயிரம் கூட வந்தா கை கடிக்காது. கம்பெனி லாபத்துலேர்ந்து பிரிச்சு குடுக்கற டிவிடெண்டை நம்பி அப்படியே வெச்சுக்கலாமா, வித்து வேற எதுலயாவது போடலாமா?

[9:15] கார்த்தி: விக்கவே வேணாம் அத்தை. சிபிசிஎல் 2021ல 100 ரூபாய்க்கு வாங்கினது. 55 ரூபா டிவிடெண்ட் குடுத்தான். போட்ட காசுக்கு 55 பர்சென்ட். எந்த பேங்க் தரும்?

[9:16] கவிதா: டேய், எந்த வருஷம் குடுத்தான்னும் சேர்த்து சொல்லு.

[9:19] கவிதா: 2021-22 கணக்குக்கு 2 ரூபா. 2022-23க்கு 27. 2023-24க்கு 55. 2024-25க்கு 5. அத்தையோட 500 பங்குக்கு முறையே 1,000, 13,500, 27,500, 2,500. இது காசிமேட்டு போட் மாதிரி. ஒரு நாள் வஞ்சிரம், ஒரு நாள் டீசல் காசு கூட தேறாது. இதை நம்பி மளிகை பாக்கி வைக்க முடியாது.

[9:20] சாந்தி அத்தை: அதான் இந்த வருஷம் இளைச்சு போச்சா. போன வருஷம் நாப்பதாயிரத்துக்கு மேல வந்துச்சே

[9:24] செல்வம் சித்தப்பா: அதுல 27,500 இந்த ஒரு கம்பெனியோடது அக்கா. பாஸ்புக்குல ஏசிஹெச்னு ஆரம்பிச்சு கம்பெனி பேர் பாதியில வெட்டுப்பட்டு நிக்கும் பாரு, அந்த வரிதான் டிவிடெண்ட். அங்க 24,750னு இருக்கும். 2,750 டிடிஎஸ்ல, அதான் முன்கூட்டியே பிடிக்கற வரியில, போயிருக்கும்.

[9:26] செல்வம் சித்தப்பா: ஏன் இப்படி ஆடுதுன்னா, ரிஃபைனரிக்கு க்ரூடை வாங்கி பெட்ரோல், டீசலா வித்தப்புறம் பேரலுக்கு மிஞ்சற மார்ஜின்தான் எல்லாம். சிபிசிஎல்லுக்கு அது 2022-23ல 11 டாலருக்கு மேல இருந்துச்சு. 2024-25ல 4 டாலர் பக்கம் வந்துடுச்சு. இந்த வருஷமும் முதல் காலாண்டு நஷ்டம், ரெண்டாவது காலாண்டு லாபம். கம்பெனி மோசமில்ல. தொழிலே அப்படி.

[9:27] கார்த்தி: இருந்தாலும் 100 ரூபா பங்கு சித்தப்பா

[9:30] கவிதா: அந்த 100 ரூபா எப்பவோ முடிஞ்ச கதைடா. இன்னிக்கு அத்தை கையில இருக்கற ஒவ்வொரு பங்கும் கணக்குக்கு ரவுண்டா 1,000 ரூபா துட்டு. அந்த ஆயிரம் இந்த வருஷம் கொண்டாந்தது 5 ரூபா. அரை பர்சென்ட். வாங்கின விலையை வெச்சு வகுத்தா மனசுக்கு குளிர்ச்சியா இருக்கும். வெச்சுக்கறதா விக்கறதான்னு முடிவு பண்ண அது உதவாது.

[9:34] கவிதா: மத்ததும் போட்டுடறேன். எல்லாம் 2024-25 கணக்குக்கு.
ஐடிசி 14.35 வீதம் 600க்கு 8,610
கோல் இந்தியா 26.50 வீதம் 300க்கு 7,950
லேலண்ட் 6.25 வீதம், போனஸுக்கு முந்தின 400க்கு 2,500
சிபிசிஎல் 2,500
எம்ஆர்எஃப் 235 வீதம் 2க்கு 470
மொத்தம் 22,030. மாசத்துக்கு 1,836.

[9:35] சாந்தி அத்தை: எம்ஆர்எஃப் ரெண்டு பங்கே ரெண்டு லட்சத்துக்கு மேல போகுதே. வருஷத்துக்கு 470 தானா 😳

[9:36] கவிதா: ஆமா அத்தை. திருவொத்தியூர்காரன் சம்பாதிக்கறதுல ரொம்ப சின்ன பங்குதான் வெளிய விடுவான். விலை ஏறும், கைக்கு காசு வராது. அது பேரப் பசங்களுக்கு வைக்கற பங்கு, மாசச் செலவுக்கு இல்ல.

[9:41] பாபு மாமா: *பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது*
🔥🔥 550% டிவிடெண்ட்!! மணலி கம்பெனி அதிரடி!! ரெக்கார்டு தேதிக்குள் வாங்குங்கள், அள்ளுங்கள் 🔥🔥

[9:42] பாபு மாமா: அண்ணி, இத பாருங்க. நீங்க போய் விக்கறேன்றீங்க

[9:44] கவிதா: மாமா அது 2024 மெசேஜ். 550 பர்சென்ட்ன்றது சந்தை விலைக்கு இல்ல, பங்குக்கு கம்பெனி குறிச்ச 10 ரூபா முகமதிப்புக்கு. அதாவது அதே 55 ரூபாதான். லேலண்டுக்கு முகமதிப்பு 1 ரூபா. அங்க 625 பர்சென்ட்னு போட்டா கைக்கு வர்றது ஆறேகால் ரூபா.

[9:46] பாபு மாமா: சரிம்மா. ஆனா ரெக்கார்டு தேதிக்கு முந்தின நாள் வாங்கி டிவிடெண்டை வாங்கிட்டு மறுநாள் வித்துட்டா?

[9:50] செல்வம் சித்தப்பா: முந்தின நாள் வாங்கினா டிவிடெண்ட் வரும் மாமா. வாங்கின பங்கு கணக்குக்கு வந்து சேர்ற செட்டில்மென்ட் இப்ப மறுநாளே முடியுது, அதனால எக்ஸ் டேட்டும் (அன்னிலேர்ந்து வாங்கினா டிவிடெண்ட் இல்ல) ரெக்கார்டு டேட்டும் (டிவிடெண்ட் யாருக்குன்னு கம்பெனி பேர் எடுக்கற நாள்) ஒரே நாள்ல விழுது. ரெக்கார்டு தேதி அன்னிக்கே வாங்கினா கிடைக்காது. ஆனா லாபம் எங்க? 1,000 ரூபா பங்கு 55 குடுத்தா காலையில 945 பக்கம்தான் ஆரம்பிக்கும். வந்த 55 உங்க வருமானத்தோட சேர்ந்து, வருமானத்துக்கு ஏத்த ஸ்லாப் வரி. வாங்கறப்ப ஆயிரத்துக்கு 1 ரூபா எஸ்டிடி (பங்கு பரிவர்த்தனை வரி), விக்கறப்பவும் அதே மாதிரி. கைக்காசை வலது பாக்கெட்லேர்ந்து இடது பாக்கெட்டுக்கு மாத்த கூலி குடுக்கறீங்க.

[9:51] பாபு மாமா: 😅 டெலீட் பண்ணிடறேன்

[9:52] சாந்தி அத்தை: கீழ மோட்டார் போட்டது யாரு? டேங்க் வழியுது

[9:53] கார்த்தி: ஆஃப் பண்ணிட்டேன்

[10:05] செல்வம் சித்தப்பா: அக்கா, நான் சொல்றது இதுதான். சிபிசிஎல்ல மொத்தமா வெச்சுக்காத, மொத்தமாவும் விக்காத. வருஷத்துக்கு மேல வெச்ச பங்கை வித்தா ஒரு நிதியாண்டுல 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி கிடையாது. உனக்கு பங்குக்கு 900 லாபம். 138 பங்கு வித்தா லாபம் 1,24,200. கோட்டுக்கு உள்ள நிக்குது. இப்ப 138, ஏப்ரல் தாண்டி இன்னொரு 138.

[10:06] சாந்தி அத்தை: 12 லட்சம் வரைக்கும்தான் வரியே இல்லன்னாங்களே. ஒரேடியா வித்தா என்ன?

[10:10] செல்வம் சித்தப்பா: எல்லாரும் விழற பள்ளம் அதுதான். அந்த 12 லட்சம் தள்ளுபடி பென்ஷன், வட்டி, டிவிடெண்டுக்கு வரும். பங்கு வித்த லாபத்துக்கு வராது. உன் பென்ஷனும் எஃப்டி வட்டியும் சேர்ந்து 6 லட்சம், அதனால அடிப்படை 4 லட்சம் விலக்கும் ஏற்கெனவே தீர்ந்துடுச்சு. 500ஐயும் ஒரே நாள்ல வித்தா லாபம் 4.5 லட்சம். 1.25 கழிச்சா 3.25. அதுக்கு 12.5 பர்சென்ட் 40,625. அந்த வரி மேல செஸ் 4 பர்சென்ட் சேர்த்தா 42,250. ரெண்டு தவணையா விக்கறதுக்கு பொறுமையைத் தவிர வேற செலவு இல்ல.

[10:13] கவிதா: வந்த துட்டு போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டா 8.2 பர்சென்ட். 1,38,000க்கு வருஷம் 11,316. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 2,829. ரெண்டு தவணையும் போட்டப்புறம் வருஷத்துக்கு 22,632. அதே 276 பங்கு, அந்த அதிசய 55 ரூபா வருஷத்துல கூட 15,180 தான் குடுத்துச்சு. இப்ப குடுத்தது 1,380.

[10:15] கார்த்தி: அக்கா, போஸ்ட் ஆபீஸ் துட்டு வளராது. அஞ்சு வருஷம் கழிச்சும் அதே 2,829. அன்னிக்கு பருப்பு என்ன விலை விக்கும்?

[10:19] கவிதா: இது நியாயமான கேள்வி. அதுக்குத்தான் மீதி 224 சிபிசிஎல், ஐடிசி, கோல் இந்தியா எதையும் தொட வேணாம்ன்றோம். ஐடிசி வர்ற லாபத்துல 80 பர்சென்ட்டுக்கு மேல வெளிய குடுக்கறவன். 2023-24ல 13.75, அடுத்த வருஷம் 14.35. கோல் இந்தியா 25.50, அப்புறம் 26.50. பெருசா துள்ளாது, ஆனா நகருது. அரசு கம்பெனிங்களுக்கு லாபத்துல 30 பர்சென்ட், இல்ல நிகர மதிப்புல 4 பர்சென்ட், எது அதிகமோ அதை டிவிடெண்டா குடுக்கணும்னு 2024லயே மத்திய அரசு வழிமுறை போட்டிருக்கு. கோல் இந்தியா அதுக்கு மேலயே குடுக்குது. அப்படியும் நிலக்கரி விலை விழுந்தா டிவிடெண்டும் விழும். அதை சம்பளம்னு நினைக்கக் கூடாது.

[10:21] கார்த்தி: ஓகே. அப்ப நானும் ஐடிசி வாங்கிடட்டா?

[10:24] கவிதா: உனக்கு கணக்கு வேற. 30 பர்சென்ட் ஸ்லாப்புல இருக்க. 100 ரூபா டிவிடெண்ட் வந்தா செஸ்ஸோட 31.20 போயிடும். 2020 ஏப்ரலுக்கு முந்தி கம்பெனியே வரி கட்டிட்டு குடுத்தான், இப்ப வாங்கறவன் தலையில. உனக்கு காசு வேணும்னா நாலு பங்கு விக்கறது மலிவு. லாபத்துக்கு மட்டும்தான் வரி, அதுவும் 1.25 லட்சம் தாண்டினாதான். அத்தைக்கு டிவிடெண்டுக்கு வரியே இல்ல. ஒரே வீடு, ஒரே பங்கு, ரெண்டு பதில்.

[10:26] சாந்தி அத்தை: லேலண்டை என்ன பண்றது? போனஸ் வந்ததுலேர்ந்து விலை பாதியா காட்டுது

[10:31] செல்வம் சித்தப்பா: ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ், இந்த ஜூலையில. விலை பாதியாச்சு, எண்ணிக்கை ரெட்டையாச்சு, உன் சொத்து அதேதான். ஆனா சில ஆப்ல பழைய 6.25ஐ புது விலையால வகுத்து, டிவிடெண்ட் ஈல்டு (விலையில டிவிடெண்ட் எத்தனை பர்சென்ட்) ரெண்டு மடங்குன்னு காட்டும். நம்பாத. புதுப் பங்குக்கு அது 3.125 தான். இன்னொண்ணு. போனஸ் பங்குக்கு வாங்கின விலை பூஜ்யம். ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள வித்தா வித்த முழுத் தொகையும் குறுகிய கால லாபம், 20 பர்சென்ட். டீமேட்ல முதல்ல வந்தது முதல்ல போகும், அதனால முதல் 400 வரைக்கும் பழசுதான் போகும். 401வது பங்குலேர்ந்து உஷாரா இருக்கணும். இப்ப எதையும் விக்க வேணாம், சும்மா விடு.

[10:33] பாபு மாமா: அண்ணிக்கு டிடிஎஸ் பிடிக்காம இருக்க ஏதோ ஃபாரம் இருக்கே

[10:37] செல்வம் சித்தப்பா: 15எச். அறுபது வயசு தாண்டி, கட்ட வேண்டிய வரி பூஜ்யம்னா குடுக்கலாம். இந்த ஏப்ரல்லேர்ந்து ஒரே கம்பெனி ஒரு வருஷத்துல 10,000க்கு மேல குடுத்தாதான் டிடிஎஸ், முன்ன 5,000. அக்காவுக்கு எந்த கம்பெனியும் இப்ப அந்த அளவு தொடல. தொட்டா ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா குடுக்கணும். பேங்க்ல குடுத்த 15எச் இங்க செல்லாது. போன வருஷத்து 2,750 ரிட்டர்ன்ல திரும்ப கேட்டியா?

[10:38] சாந்தி அத்தை: கேட்டேன், வந்துடுச்சு

[10:42] கவிதா: அத்தை, டீமேட்ல எந்த பேங்க் கணக்கு இருக்கு? அலகாபாத் பேங்க்ல இருந்தது 2020ல இந்தியன் பேங்கோட சேர்ந்து ஐஎஃப்எஸ்சி மாறிடுச்சு. பழைய நம்பரே கிடந்தா டிவிடெண்ட் திரும்பிப் போயிடும். அதை யாரும் போன் பண்ணி சொல்ல மாட்டாங்க. ஏழு வருஷம் தொடர்ந்து வாங்காம கிடந்தா டிவிடெண்டோட பங்கும் சேர்ந்து ஐஇபிஎஃப்ன்ற அரசு நிதிக்கு போயிடும். மீட்கறதுக்கு ஃபாரம் 5 போட்டு நடையா நடக்கணும். மேல போட்ட 22,030ஐ பாஸ்புக் வரியோட ஒண்ணொண்ணா டிக் அடிச்சு பாருங்க. ஐடிசியும் கோல் இந்தியாவும் வருஷத்துல ரெண்டு மூணு தடவையா பிரிச்சு போடுவாங்க, ஒரே தொகையா தேடாதீங்க.

[10:50] சாந்தி அத்தை: புதுசுதான் இருக்கு. சரி, நாளைக்கு 138 வித்துடறேன். எப்படி?

[10:54] கவிதா: லிமிட் ஆர்டர் (நீங்க சொல்ற விலைக்கு) போடுங்க, மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கற விலைக்கு) வேணாம். 138ஐயும் ஒரே நாள்ல. டிபி சார்ஜ் (டீமேட்லேர்ந்து பங்கு வெளிய போற கட்டணம்) ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பிடிப்பான், தினம் பத்துப் பத்தா வித்தா பதினாலு தடவை போகும். விக்கறப்ப சிடிஎஸ்எல் டிபின்னும் (டீமேட் ரகசிய நம்பர்) ஓடிபியும் கேட்கும், போன் பக்கத்துல இருக்கட்டும். எஸ்டிடி 138 ரூபா வரும். விலை 1,005ஐ தாண்டி போச்சுன்னா 138 போடாதீங்க, லாபம் 1.25ஐ தொட்டுடும். 1,25,000ஐ அன்னிக்கு இருக்கற பங்கு லாபத்தால வகுத்து, பின்னத்தை விட்டுடுங்க.

[10:57] செல்வம் சித்தப்பா: திங்கள் வித்தா செவ்வாய் புரோக்கர் கணக்குக்கு வரும். அங்கேர்ந்து பேங்குக்கு இன்னொரு நாள். வியாழனுக்கு முந்தி செக் எழுதாத, பவுன்ஸ் ஆகும். போஸ்ட் ஆபீஸ்ல ஒரு லட்சத்துக்கு மேல பணமா வாங்க மாட்டாங்க, செக்தான். ஆதார், பான், ரெண்டு போட்டோ. நாமினி கட்டத்தை காலியா விடாத.

[10:58] சாந்தி அத்தை: நடுவுல எடுக்கணும்னா?

[11:01] செல்வம் சித்தப்பா: ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா குடுத்த வட்டியையும் கழிச்சுப்பாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள 1.5 பர்சென்ட் பிடிப்பு, அப்புறம் 1 பர்சென்ட். அதனால ஆஸ்பத்திரி செலவுக்குன்னு இருக்கற எஃப்டியை இதுல கொண்டு வந்து சேர்க்காத. ரெண்டாவது 138ஐ பிப்ரவரி பட்ஜெட் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். அந்த 1.25 லட்சத்துல கை வெச்சா கணக்கை மாத்திக்கலாம்.

[11:03] கார்த்தி: எல்லாம் சேர்த்தா 22,030ல 1,380 போச்சு, 22,632 வந்துச்சு. 43,282. மாசம் 3,607. நாலாயிரத்துக்கு 393 குறையுது அத்தை

[11:04] சாந்தி அத்தை: அதை நீ குடு

[11:04] கார்த்தி: 🏃

[11:05] பாபு மாமா: அண்ணி, தண்டையார்பேட்டை போஸ்ட் ஆபீஸுக்கு வியாழக்கிழமை நானும் வர்றேன். எனக்கும் அந்த சீனியர் சிட்டிசன் திட்டத்து ஃபாரம் ஒண்ணு வாங்கணும்